Re: 'முற்றா இறந்தகாலம்' வேண்டாம், 'சேய்மை எண்ணக்கோள்' எப்படி?

வணக்கம். ஸ்பானிய இலக்கணச் சொற்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில், ஸ்பானிய மொழியின் 'சுப்ஹுந்தீவோ இம்பெர்ஃபெக்தோ'வுக்கு (விருப்பம், கற்பனை, பணிவு போன்றவற்றைச் சொல்லும் ஒரு வினைவடிவம்) 'முற்றா இறந்தகாலச் சார்புவினை' என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நம் இலக்கணத்தில் முற்று என்றால் வினைமுற்று, 'முற்றா' என்று படித்ததும் எச்சம் என்றுதான் மாணவர் நினைப்பார். ஆனால் இந்த வடிவம் எண், இடம் காட்டும் முழு முற்று. அப்லார் (பேசு) என்ற வினையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'பேசினார்கள்' என்பதற்கான அப்லாரோன் என்பதில் கடைசி ரோன்-ஐ வெட்டினால் அப்லா மிஞ்சும், அதோடு விகுதி சேர்த்தால் (நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்) அப்லாரா, அப்லாராஸ், அப்லாரா, அப்லாராமோஸ், அப்லாராய்ஸ், அப்லாரான். ஆறிலும் அழுத்தம் 'லா' மேல்தான். கொமேர் (சாப்பிடு) என்றால் கொமியெரோன், அதிலிருந்து கொமியெரா. அவ்வளவுதான்.

அடிச்சொல் இறந்தகாலத்தது, சரி. பொருளும் இறந்தகாலமா? 'கெரீயா கே அப்லாராஸ்' (நீ பேசவேண்டும் என்று விரும்பினேன்) என்பதில் ஆம். 'சி அப்லாரா எஸ்பான்யோல்' (எனக்கு ஸ்பானிய மொழி பேச வந்தால்) என்பதில் இல்லை, அது இன்று இல்லாத ஒன்றைப் பற்றிய பேச்சு. கடையில் 'கிசியெரா உன் கஃபே' (ஒரு காப்பி வேண்டும்) என்று இதே வடிவத்தில் கேட்பது வெறும் பணிவு. முதலாவது காலத்தில் தொலைவு, இரண்டாவது உண்மையிலிருந்து தொலைவு, மூன்றாவது எதிரில் இருப்பவரிடம் மரியாதையாக வைக்கும் தொலைவு. 'ஒரு காப்பி கிடைத்தால் நல்லது' என்று நாமும் 'கிடைத்த்' என்ற இறந்தகால அடியை வைத்துத்தானே வராத காப்பியைக் கேட்கிறோம்! இந்த ஒற்றுமையைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

'நிபந்தனை வினை' என்ற இன்னொரு பரிந்துரையும் சரிவராது, அப்லாரீயா என்று தனி நிபந்தனை வடிவம் ஏற்கனவே இருக்கிறது, அந்தப் பெயர் அதற்கே வேண்டும்.

என் பரிந்துரை இது. வியங்கோள் போல, மனத்தில் கொண்ட வினைக்கு எண்ணக்கோள் ('கருதுகோள்' வேறு பொருளில் நிலைத்துவிட்டது). அப்லே என்ற நிகழ்கால வடிவம் அண்மை எண்ணக்கோள், அப்லாரா சேய்மை எண்ணக்கோள். அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு படித்த எவருக்கும் இது உடனே விளங்கும். லத்தீன் வழிப் பெயரை விட்டால் குழப்பம் வரும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று: இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பெல்லோ 1847-இல் சிலேயில் வெளியிட்ட இலக்கணத்தில், சாதாரண (எண்ணக்கோள் அல்லாத) இறந்தகாலத்துக்கான 'இம்பெர்ஃபெக்தோ' என்ற பெயரை விட்டு 'கோப்ரெதேரிதோ' (உடன் இறந்தகாலம்) என்றார், மெக்சிகோவில் இன்றும் அப்படிச் சொல்கிறார்கள்.

அப்புறம் அப்லாஸே, அப்லாஸேஸ் என்ற இணை வடிவம். அப்லாராவும் இந்த அப்லாஸேயும் வெவ்வேறு லத்தீன் வடிவங்களிலிருந்து வந்தவை, ஆனால் இந்தப் பயன்பாடுகளில் பெரும்பாலும் ஒன்றின் இடத்தில் மற்றது வரும், லத்தீன் அமெரிக்க நாடுகளில் 'ரா'வே மிகுதி. தனிப்பெயர் வேண்டாம், ரா விகுதி, ஸே விகுதி என்றாலே போதும் என்பது என் கருத்து. 'எண்ணக்கோள்' யாருக்காவது உறுத்தினால் மாற்றுச்சொல்லோடு சொல்லுங்கள், 'சேய்மை'யை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.