கப் கணக்கை கிராமுக்கு மாற்ற உதவி தேவை

கேக் குறிப்புகளில் பாதி கப் கணக்கில் இருக்கின்றன, என்னிடம் இருப்பதோ தராசு மட்டும்தான். தண்ணீர் என்றால் பிரச்சினையே இல்லை, 240 மில்லிக்கு 240 கிராம், முடிந்தது. ஆனால் அதே கப்பில் சர்க்கரை 200 கிராம், தேன் 340 கிராம் வரை வருகிறது, மைதாவோ சலித்து லேசாகத் தூவி நிரப்பினால் 120-க்குப் பக்கத்தில் நிற்கும், கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொட்டுவிடும். இதில் அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி என்ற தலைவலி வேறு. கோகோ பவுடர், ஓட்ஸ், துருவிய சீஸ் இதற்கெல்லாம் நீங்கள் என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்? எந்தக் கப், எப்படி நிரப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அட்டவணை யாரிடமாவது இருந்தால் போடுங்களேன். அப்புறம், கால் டீஸ்பூன் பேக்கிங் சோடாவுக்கெல்லாம் தராசு அசையவே மாட்டேன் என்கிறது, அதற்கு ஸ்பூன் செட் வாங்குவதுதான் வழியா?