கடை வாசல்ல வைக்கிற சனிடைசரை நம்பி புள்ளைக்குப் பூசலாமா?

கல்லடி அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். நேத்து பின்னேரம் மகனையும் கூட்டிக்கிட்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போனன், அவனுக்கு 6 வயசு. ஒரு உடுப்புக்கடை வாசல்ல பெரிய போத்தல்ல சனிடைசர் வச்சிரிந்தாங்க, நான் பாக்கிறதுக்குள்ள அவன் ரெண்டு மூணு தரம் அமத்தி முழங்கை மட்டும் பூசிட்டான். ரோஸ் கலர், தண்ணி மாதிரி ஓடிச்சி, சென்ட் வாசம் மட்டும்தான், காயவும் இல்ல, கை பிசுபிசுண்டு கிடந்திச்சி. போத்தல்ல லேபலும் இல்ல. அங்க நிண்ட பொடியன்ட கேட்டா "கேன்ல வாறத்த ஊத்தி வைக்கிறதுதான் அக்கா, எங்கால வாற எண்டு முதலாளிக்குத்தான் தெரியும்" எண்டான். வீட்ட வந்து சவுக்காரம் போட்டுக் கழுவிட்டன், ஆனா ராவெல்லாம் அதே யோசினை. நஞ்சு ஏதும் கலந்திரிக்குமா? நல்லதா கெட்டதா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

கல்முனை பாமசிக்காரன்:
தங்கச்சி, கையில பட்டு ஒடனே கழுவினதுக்கு இப்பிடிப் பயப்படத் தேவல்ல. வாய்க்குள்ள போயிரிந்தா, இல்லாட்டி சத்தி, தலையிடி, கண் மங்கல் எண்டு வந்தா மட்டும் சுணங்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

நல்ல சனிடைசர்ல அல்கஹோல் ஆகக் கொறஞ்சது 60% இரிக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில எதனோல் எண்ட அல்கஹோல் 80%, இல்லாட்டி ஐசோபுரொப்பைல் எண்ட அல்கஹோல் 75%, மிச்சம் கொஞ்சம் கிளிசரினும் ஹைட்ரஜன் பெரொக்சைடும் தண்ணியும், சென்டும் கலரும் அதுல இல்லவே இல்ல. நீங்க சொல்லுறது காயல்ல எண்டா எனக்கு அதுல தண்ணிதான் கூட எண்டு படுது. அதைப் பூசிட்டு கை சுத்தம் எண்டு நெனச்சி சாப்பிடுறோமே அதுதான் எனக்குக் கவலை.

மற்றது மெதனோல், அதுவும் ஒரு வகை அல்கஹோல்தான், ஆனா நஞ்சு. 2020ல அமெரிக்காட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எஃப்டிஏ, மெதனோல் கலந்த சனிடைசருகளப் பாவிக்க வேணா எண்டு பெரிய லிஸ்ட்டே விட்டது. உடம்புக்குள்ள போனா அது போமிக் அமிலமா மாறி கண் நரம்பத் தாக்கும், குடிச்சா உயிரே போகும். மணத்த வச்சிப் பிரிக்க ஏலா, பத்தவச்சிப் பாக்கிற எண்டு சிலர் சொல்லுவாங்க, அதுவும் பிழை, மெதனோலும் நல்லா எரியும். அதனால லேபல் இல்லாத போத்தல்ல கை வைக்காதீங்க, வேற வழி இல்ல.

ஏறாவூர் கடை:
நானும் சாப்பாட்டுக்கடை நடத்துறவன், அதனால சொல்லுறன். மூடி சரியில்லாம வெயில்ல வச்சா நல்ல சாமானா இரிந்தாலும் அல்கஹோல் ஆவியாப் போய்டும், பழைய போத்தலக் கழுவாம மேல மேல ஊத்துறதும் கூடாது. ரெண்டாவது, மீன் வெட்டின கை, கொத்து சாப்பிட்ட எண்ணெய்க் கை, இதுக்கெல்லாம் சனிடைசர் சரிவராது, அழுக்குக்கு மேல பூசினா என்ன பிரயோசனம். வயித்தால போறது சத்தி எடுக்கிறது பரவுற நேரம் நோரோ வைரசுக்கும் அது பெரிசா வேல செய்யா. நான் வாசல்ல போத்தல எடுத்துட்டு பைப்பும் சவுக்காரமும் வச்சிட்டன், தண்ணி பில் கொஞ்சம் கூடிச்சி, பரவால்ல.

வாவிக்கரை:
அக்கா ஒண்டு கவனிச்சீங்களா, காலால மிதிக்கிற ஸ்டாண்டுல பைப் எங்கட இடுப்பு உயரத்துல இரிக்கும், அது புள்ளைகளுக்கு முகத்துக்கு நேர. பிரான்சில 2020ல புள்ளைகள்ட கண்ணுல சனிடைசர் பட்டு வந்த கேஸ் அதுக்கு முதல் வருசத்த விட 7 மடங்கு கூடினது, சிலருக்கு ஒப்பரேசனே செய்ய வேண்டி வந்தது. பட்டா ஒடனே 15 நிமிசம் ஓடுற தண்ணியில கண்ணக் கழுவிட்டு டொக்டரிட்டக் காட்டணும். மற்றது கோயில் வாசல்ல பூசிட்டு கை காயமுந்திப் போய் கற்பூரம் பத்த வைக்கிறாங்க, எங்கட அம்மாவையே நான் கையப் புடிச்சி நிப்பாட்டியிரிக்கன். காயாத கையில நெருப்புப் புடிச்சா அது லேசான நீலம், பகல்ல கண்ணுக்கே தெரியா.

கல்லடி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மகனுக்கு ஒண்டும் இல்ல, காலையில சுகமா ஸ்கூலுக்குப் போனான். அந்தக் கடை முதலாளியிட்ட நாளைக்கு நேர போய் கேன் லேபலக் காட்டச் சொல்லப் போறன், காட்டாட்டி எங்கட ஏரியா சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐயிட்டச் சொல்லுவன். புள்ளைட பேக்குல சின்ன டப்பியில சவுக்காரத் துண்டு ஒண்டு வச்சி விட்டிரிக்கன். பாமசி நானா, 60% எண்டு எழுதின சின்னப் போத்தல் ஒங்கட கடையில இரிக்கா?