நரம்புப் பின்னலழற்சி: 'வலை' வேண்டாம் என்பதற்குச் சில காரணங்கள்

அன்புடையீர், வணக்கம்.

குடலை நீண்டகாலம் வாட்டும் அழற்சி நோய்களான குரோன் நோயிலும் பெருங்குடல் புண்ணழற்சியிலும் குடலின் நரம்புகளுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தமிழில் எழுத முனைந்தால் இரண்டு சொற்கள் (ஆங்கிலத்தில் enteric nervous system, plexitis எனப்படுபவற்றுக்கு) இல்லாமல் தடுமாற வேண்டியிருக்கிறது என்று சேலத்து மருத்துவ நண்பர் எழுதியிருந்தார். முதலாவதற்கு 'குடலக நரம்பு மண்டலம்' என்று இந்த விவாத இழையில் ஏறக்குறைய உடன்பாடு வந்துவிட்டது. இரண்டாவதற்கு அவர் முன்வைத்த 'நரம்பு வலை அழற்சி' என்பதில்தான் எனக்கு மாறுபாடு; 'நரம்புப் பின்னலழற்சி' என்பதே என் பரிந்துரை.

முதற்சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'குடல் நரம்பு மண்டலம்' என்றால் மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகசு நரம்பையும் அதில் அடக்கிவிட இடமுண்டு. நாம் பெயரிட விரும்புவதோ குடற்சுவருக்குள்ளேயே இருக்கும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்களின் அமைப்பு. வெளியிலிருந்து வரும் நரம்புகளை அறுத்த பின்னும் நாயின் குடலில் உணவைத் தள்ளும் அலை எழுகிறது என்று உடலியங்கியல் அறிஞர்கள் பேலிசும் ஸ்டார்லிங்கும் 1899இல் காட்டினார்கள். அதே துறையின் லாங்லி 1921இல் அதை, நம் விருப்பின்றியே உறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் தனிப் பிரிவாகவே வகுத்தார். ஆகவே 'அகம்' சேர்ந்த 'குடலக நரம்பு மண்டலம்' பொருத்தமானது.

இனி இரண்டாவது. இந்நரம்பணுக்கள் சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டு, முடிச்சுக்கு முடிச்சு இழைகளால் இணைந்து, இரண்டு அடுக்குகளாகக் கிடக்கின்றன: சளிச்சவ்வின் அடியில் உள்ளதை உடற்கூற்றறிஞர் மைசுனர் 1857இல் விவரித்தார், இரு தசைப் படலங்களுக்கு இடையில் உள்ளது மற்றோர் உடற்கூற்றறிஞரான ஔவர்பாக்கின் பெயரால் வழங்குகிறது. குரோன் நோயில் நோய் எதிர்ப்பு அணுக்களான நிணநீர் அணுக்களும் மாஸ்ட் அணுக்களும் இயோசினோஃபில்களும் இம்முடிச்சுகளைச் சூழ்ந்து உள்ளேயும் நுழைந்துவிடுகின்றன. அந்நிலைக்குத்தான் பெயர் வேண்டும். அறுவையில் வெட்டியெடுத்த குடல் துண்டின் விளிம்பில் இது காணப்பட்டவர்களுக்கு நோய் விரைவில் திரும்புவது மிகுதி என்று சில ஆய்வுகள் காட்டியிருப்பதால், நோய்க்கூற்று அறிக்கையில் தனிச் சொல்லாகவே இது இடம்பெற்றாக வேண்டும்.

'வலை'யை நான் விலக்குவது அது பிழை என்பதால் அன்று; மீன்வலையிலும் முடிச்சும் இழையும் உண்டு. ஆனால் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுவோர் 'நரம்பு வலை'யை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தேடுபொறியில் குடலைத் தேடுபவர் கணினியில் போய் நிற்பார்.

திருப்பூர்க்காரனாகிய எனக்குப் 'பின்னல்' என்றதும் பின்னலாடைதான் நினைவுக்கு வருகிறது. சென்னிமலைப் போர்வையில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. பனியன் துணியிலோ கண்ணியோடு கண்ணி கோத்து நிற்பதால், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஓயாமல் விரிந்து சுருங்கும் குடற்சுவருக்குள் கிடப்பதற்கு இரண்டாவதே நெருங்கிய உவமை. (ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக அவிழ்ந்துகொண்டே போவது பனியனுக்கு மட்டும் உரியது, உவமையை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம்.)

சொல்லைக் குறுக்கிக் 'குடற்பின்னல் அழற்சி' எனலாமே என்று ஈரோட்டு அம்மையார் கேட்டிருந்தார். எனக்கும் முதலில் அது பிடித்தது. ஆனால் குடலே பின்னிக்கொண்டது என்று படிப்பவர் கொண்டுவிட்டால், அறுவைக்கு உடனே ஓட வேண்டிய குடல் முறுக்கத்தோடு இது குழம்பிவிடும். எனவே 'நரம்பு' என்னும் சொல் நீங்கக் கூடாது. முதல் இடத்தில் 'குடலக நரம்புப் பின்னலழற்சி' என முழுமையாக எழுதி, பின்னர்ப் 'பின்னலழற்சி' என்று சுருக்கிக்கொள்ளலாம். அழற்சி முடிச்சுக்குள் மட்டும் இருப்பதைக் குறிக்க 'நரம்புமுடிச்சழற்சி' தனியே இருக்கட்டும்.

ஒரு வரம்பையும் குறித்துவிடுகிறேன். விலங்குகளில் குடல் அழற்சியை உண்டாக்கிப் பார்த்த ஆய்வுகளில், அழற்சி தணிந்த பின்னும் குடலக நரம்பணுக்கள் சிறு தூண்டலுக்கே மிகையாகக் கிளர்வதும், சில நரம்பணுக்கள் மடிந்தே போவதும் தெரியவந்துள்ளன. "புண்ணு ஆறிப்போச்சுன்னு சொல்றாங்க, வலி மட்டும் போக மாட்டீங்குதுங்க" என்று நம் பக்கத்து நோயாளிகள் சொல்வதை அவர்களின் மனப்பிரமை என்று தள்ளிவிடாதிருக்க இவ்வறிவு உதவும். ஆயினும் அங்கே அழற்சி இல்லை, அதன் தடம்தான் இருக்கிறது. அதைப் பின்னலழற்சி என்று எழுதுவது தவறாகும். அதற்கு 'உள்ளுறுப்பு மிகையுணர்வு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'மிகையுணர்ச்சி' என்றால் மனநிலையைச் சொல்வதாகிவிடும் என்பதால் '-உணர்வு' என்றே முடித்திருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.