எந்தக் கையும் எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டாமா?

பசைவிரல் (லெஸ்டர்):
போர் விளையாட்டு மினியேச்சர்களை, அதாவது துண்டு துண்டாக வருகிற சின்ன பிளாஸ்டிக் வீரர்களை, ஒட்டத் தொடங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. போன மாதம் இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து ஒட்டினேன். முதலாவது எலும்புக்கூட்டுப் படை. 2024 ஜனவரியில் வார்ஹாமர் தி ஓல்ட் வேர்ல்ட் என்ற மேசைப் போர் விளையாட்டு வந்தபோது பழைய அச்சுகளிலிருந்தே மறுபடியும் எடுத்து விற்றார்களே, அந்த டூம் கிங்ஸ் என்கிற படை. இரண்டாவது, வேறொரு கம்பெனியின் புத்தம்புதிய செட், பத்து வீரர்கள்.

எலும்புக்கூடுகளை ஒட்டியது திருவிழா மாதிரி இருந்தது. எந்தக் கையையும் எந்தத் தோளிலும் வைக்கலாம், தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். கடைசியாக மிஞ்சிய ஒருவனுக்கு, புதிய செட்டில் உபரியாகக் கிடந்த கோடரிக் கை ஒன்றின் தோள்பகுதியை அறுத்துவிட்டு அதைக்கூட மாட்டிவிட்டேன். அட்டகாசமாக இருக்கிறான்.

புதிய செட்டில் அந்தப் பேச்சே இல்லை. எல்லாத் துண்டுக்கும் எண். 13-ஆம் கை 12-ஆம் உடம்புக்கு மட்டும். அதில் 14-ஆம் எண் கை கட்டரில் வெட்டும்போது தெறித்துக் கம்பளத்துக்குள் போனது, போனதுதான். அந்தக் கை மேலங்கியின் ஓரத்தோடும் பாதி மார்போடும் சேர்ந்து வருவதால் வேறெந்தக் கையும் அங்கே உட்காராது. ஒரு கை இல்லாமல் ஒருவன் நாலு வாரமாக என் மேசையில் நிற்கிறான்.

என் கட்சி இதுதான்: எதையும் எதோடும் மாற்றி ஒட்டும் பழைய முறையே சரி. புதியது முன்னேற்றம் என்று சொல்கிறவர்கள் வந்து விளக்கட்டும்.

பழையபெட்டி (லண்டன்):
ஓம் தம்பி, முழுக்கச் சரி. 1987-ல் வார்ஹாமர் கம்பெனியான கேம்ஸ் வொர்க்ஷாப் விட்ட முதல் ஸ்பேஸ் மரீன் (விண்வெளி வீரர்) பிளாஸ்டிக் பெட்டியில் 30 பேர், விலை 9 பவுண்ட் 95 பென்ஸ். கை தனி, தலை தனி, துவக்கு தனி. நான் அதைச் சில வருடம் கழித்து ஒரு நண்பனிடம் பாதிப் பெட்டியாக வாங்கினேன். பதினைந்து பேரில் ஒருவனைப்போல் இன்னொருவன் இல்லை.

இப்போதைய பெட்டியை இரண்டாக வாங்கிப் பாருங்கள். அதே பத்துப் பேர், அதே பத்து நிலை, இரண்டு தரம். ஒருவன் பாறையில் கால் வைத்து வாளை உயர்த்துகிறான். பக்கத்தில் அவனுடைய இரட்டைப் பிள்ளையும் அதே மாதிரிப் பாறையில் கால் வைத்து வாளை உயர்த்துகிறான். இதற்குப் பெயர் மாடலிங் இல்லை, தளபாடம் பூட்டுகிற வேலை.

டைமேக்கர் (அம்பத்தூர்):
நான் ஊசி வார்ப்பு அச்சு செய்கிற பட்டறையில் வேலை பார்ப்பவன். பொம்மைக்கு இல்லை, வாகன உதிரிபாகத்துக்கு. ஆனால் எஃகு எஃகுதான்.

பசைவிரல், உங்கள் கை ஏன் மேலங்கியோடு சேர்ந்து வந்தது என்பதற்கு நேரான காரணம் இருக்கிறது. அச்சு என்பது இரண்டு எஃகுப் பாதிகள். மூடும்போது உருகிய பாலிஸ்டைரீன் உள்ளே போகிறது, ஆறியதும் பாதிகள் நேராகப் பிரிகின்றன. துண்டு அந்தத் திசையில் வழுக்கி வெளியே வர வேண்டும். எங்காவது உள்வாங்கிய வளைவு இருந்தால் துண்டு எஃகில் மாட்டிக்கொள்ளும். ரப்பர் அச்சில் வார்க்கும் வெள்ளீயத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, ரப்பர் வளைந்து கொடுக்கும். எஃகு வளையாது.

இப்போது ஒரு வீரனின் முதுகில் மேலங்கி பறக்கிறது, அதற்கும் இடுப்புக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். ஒரே துண்டாக அதை எடுக்கவே முடியாது. எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. பழைய முறையில் தோள், கழுத்து, இடுப்பு என்று கசாப்புக் கடைக்காரர் மாதிரி வெட்டினார்கள். இப்போது கணினியில் செதுக்குவதால் மேலங்கியின் விளிம்பு, இடைவார், தலைமுடி என்று கண்ணுக்குத் தெரியாத ஓரங்களில் வெட்டுகிறார்கள். பாதி மார்பு கையோடு வருவது அதனால்தான். ஒட்டி முடித்தால் இணைப்பு எங்கே என்றே தெரியாது. அதற்குக் கொடுக்கும் விலை, கை மாற்ற முடியாது.

நீங்கள் புகழும் எலும்புக்கூடுகளின் தோளைப் பாருங்கள், தட்டை. தட்டையாக இருந்தால்தான் எந்தக் கையும் உட்காரும். அதனாலேயே எல்லாக் கையும் பக்கவாட்டில் கொஞ்சம் மேலே கீழே சுழலும், அவ்வளவுதான். மார்புக்குக் குறுக்கே வாளை வீசுகிறவனைத் தட்டைத் தோளில் செய்து காட்டுங்கள் பார்ப்போம். மொத்தப் படையும் பால்குடம் எடுத்துப் போகிற மாதிரி நிற்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெட்டியில் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வருகிற, நீங்கள் எல்லோரும் ஸ்ப்ரூ என்று சொல்கிற அந்தச் சட்டகத்துக்கு எங்கள் பட்டறையில் பெயர் ரன்னர். ஸ்ப்ரூ என்பது பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைகிற வாய் மட்டும்.

பழையபெட்டி:
பால்குடம் நல்ல பகிடி. ஆனால் தம்பி, நீங்கள் சொன்னது அச்சின் கதை. நான் கதைப்பது ஒட்டுகிறவனின் கதை. என் பிஸ்கட் டின்னில் முப்பது வருட உபரித் துண்டுகள் இருக்கின்றன. ஓர்க்கின் தாடை, எல்ஃபின் கேடயம், யாருடையது என்றே தெரியாத ஒரு மரக்கால். ஒரு தளபதி வேண்டுமென்றால் டின்னைக் கவிழ்த்து அரை மணி நேரம் கிளறுவேன். அவன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். கணினி தீர்மானித்த நிலையில் நிற்கிற வீரனுக்கு நான் என்ன செய்தேன்? பசை தடவினேன்.

வண்ணக்கலயம் (ஸ்கார்பரோ):
நான் வண்ணம் தீட்டுகிற ஆள், ஒட்டுவது எனக்கு வழியில் வருகிற வேலை. அதனால் என் ஓட்டு புதியதற்கு.

பழைய பாணி உடம்பில் தோளுக்கும் கைக்கும் நடுவே எப்போதும் ஒரு பிளவு. அதை நிரப்ப வேண்டும். சட்டகத் துணுக்குகளை மாடல் ஒட்டுகிற பிளாஸ்டிக் சிமெண்டில் கரைத்துக் கூழாக்கிப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட வேண்டும். இருபது பேர் என்றால் நாற்பது தோள். நிரப்பாமல் விட்டால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்ததும் அந்தப் பிளவு கறுப்புக் கோடாகச் சிரிக்கும். புதிய செட்டில் அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விழுகிற கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும்.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. முழுக்க ஒட்டினால் கேடயத்துக்குப் பின்னால் தூரிகை நுழையாது. நான் உடம்பைத் தனியாக, கேடயத்தையும் மேலங்கியையும் தனியாக வண்ணம் தீட்டிப் பிறகு சேர்ப்பேன். ஒட்டும் இடத்தில் மட்டும் பிரைமர் படாமல் புளூடாக் (ஒட்டி எடுக்கிற பிசின் மாவு) வைத்து மறைத்துவிடுவேன். பெயிண்ட் மேல் சிமெண்ட் பிடிக்காது.

குரோம்பேட்டை17:
நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். பிளாஸ்டிக் சிமெண்ட் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எங்கள் தெருக் கடையில் கிடைப்பது உடனே ஒட்டுகிற சின்ன டியூப் பசைதான். அதில் ஒட்டினால் என்ன? நான் எட்டுப் பேரை அதில்தான் ஒட்டினேன். நிற்கிறார்கள். ஆனால் தோளைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது.

டைமேக்கர்:
அது சயனோஅக்ரிலேட். காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசை. அதன் ஆவி பக்கத்தில் படிந்துதான் அந்த வெள்ளை. நம் ஊர் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். குறைவாகத் தடவி, விசிறிக் காற்றில் வையுங்கள். ஆவி தங்காது.

ஆனால் அது இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு கடினமான தகடு, அவ்வளவுதான். இழுத்தால் தாங்கும், கீழே விழுந்தால் தெறிக்கும். பிளாஸ்டிக் சிமெண்ட் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு முகத்தையும் கொஞ்சம் கரைக்கிறது, கரைந்த பாலிஸ்டைரீன் ஒன்றோடொன்று கலக்கிறது, கரைப்பான் ஆவியானதும் ஒரே துண்டு. பற்றவைத்த மாதிரி. ரெசினிலும் உலோகத்திலும் அது வேலை செய்யாது, அங்கே உங்கள் டியூப்தான். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், மூச்சில் போகக் கூடாத சரக்கு.

வண்ணக்கலயம்:
இதில் நான் டியூப் பக்கம்! தப்பாக ஒட்டினால் பிரித்துவிடலாம். ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்துத் திருகினால் பட்டென்று வந்துவிடும். சிமெண்ட் இறுகிவிட்டால் ரம்பம் போட்டு அறுக்க வேண்டியதுதான், அதுவும் பக்கத்துச் சதையோடு வரும்.

பழையபெட்டி:
பிள்ளை, சிமெண்டில் ஒட்டிய உடனே அது இறுகாது. ஒரு நிமிடம் போலக் கையை நகர்த்தலாம். தட்டைத் தோளில் அந்த ஒரு நிமிடம்தான் முழு விளையாட்டும். கையை ஒரு மயிரிழை ஏற்றினால் வீரன் கோபக்காரன், இறக்கினால் களைத்தவன். முளையும் குழியும் வைத்த புதிய துண்டில் அந்த ஒரு நிமிடத்துக்கு வேலையே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளியே ஒரு சொட்டு மெல்லிய சிமெண்ட் விட்டால் இடுக்குக்குள் தானாக ஓடிவிடும். சரி, சுத்தமான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பால்குடம் என்று சொன்ன தம்பிக்கு இந்த ஒரு நிமிடம் விளங்காது.

டைமேக்கர்:
விளங்குகிறது அண்ணே. ஆனால் பழைய காலம் முழுக்க நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை. 1992-ல் வந்த வார்ஹாமர் நான்காம் பதிப்புப் பெட்டியில் இருந்தவர்கள் எல்ஃப்களும் கோப்ளின்களும். வரிசை வரிசையாக ஒரே முகம், ஒரே நிலை. கை மாற்றுவது எங்கே, தலையைத் திருப்பக்கூட வழி இல்லை. இரட்டைப் பிள்ளைகள் இன்றைய நோய் என்று சொல்லாதீர்கள். நீங்கள் ஞாபகம் வைத்திருப்பது பழைய பெட்டிகளில் நல்லவற்றை மட்டும்.

மாற்றி ஒட்டும் செட்டுகள் செத்தும் போகவில்லை. பெர்ரி சகோதரர்கள் செய்கிற வரலாற்றுப் படைகள், ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற இன்னொரு விளையாட்டின் வீரர்கள் எல்லாம் இன்றும் தனிக் கை, தனித் தலைதான். வேண்டுமென்றால் அதை வாங்கலாம்.

பழையபெட்டி:
அந்த எல்ஃப்கள் என்னிடமும் இருந்தார்கள். ஒத்துக்கொள்கிறேன், ஈட்டியை நேராகப் பிடித்துக்கொண்டு கடவுச்சீட்டு வரிசையில் நிற்கிற மாதிரித்தான் நின்றார்கள்.

ஆனால் ஒரு விசயம். அவர்கள் வரிசையில் நின்றார்கள்! தி ஓல்ட் வேர்ல்டில் படை என்பது சதுர அடித்தட்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்குவது. அதற்கு ஒழுங்காக நிற்கிறவன் வேண்டும். கால் அகட்டி, மேலங்கி பறந்து, வாள் பக்கத்து ஆளின் மூக்குக்குள் போகிற நாடகக்காரன் அங்கே உதவாது.

பசைவிரல்:
இது உண்மை, ஆனால் எலும்புக்கூடுகளிலும் எனக்கு இதே கதைதான் நடந்தது. ஆசையாக எல்லா ஈட்டியையும் முன்னால் நீட்டி ஒட்டினேன். அடுக்கியபோது இரண்டாம் வரிசையின் ஈட்டிகள் முதல் வரிசையின் முதுகில். நாலு பேர் மட்டும் எந்த இடத்திலும் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள்.

வண்ணக்கலயம்:
ஒட்டும் முன்பே அடித்தட்டுகளை அடுக்கி, புளூடாக்கில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனதும் தட்டின் அடியில் எண் எழுதிவிடுங்கள், 1 முதல் 20 வரை. எப்போதும் அதே வரிசையில் நிறுத்தினால் இடிக்காது. முன்பு காலாள் தட்டு 20 மிமீ, இப்போது அது 25 ஆகியிருப்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

குரோம்பேட்டை17:
ஆக, சுதந்திரமாக ஒட்டுகிற செட்டில் இருபது பேருக்கும் எண் போட வேண்டும், எண் போட்டு வருகிற செட்டில் சுதந்திரமாக ஒட்ட முடியாது. சரியா?

பழையபெட்டி:
நீர் பகிடி விடுகிறீர்.

டைமேக்கர்:
சரியாகத்தான் சொல்கிறார்.

பசைவிரல், உங்கள் ஒற்றைக் கையனுக்கு வழி சொல்கிறேன். மேலங்கி விளிம்பை அப்படியே விட்டு, இழந்த பாதி மார்பை எபாக்ஸி மாவில், பிசைந்து வைத்தால் இறுகிவிடுகிற மாவில், செய்யலாம். கஷ்டம், ஆனால் முடியும். அதற்கு முன் ஒட்டும் வழிமுறைத் தாளை ஒரு தரம் பாருங்கள். இந்த மாதிரி செட்டுகளில் ஒரே உடம்புக்கு இரண்டு ஆயுதத் தேர்வு கொடுப்பார்கள். 14-க்குப் பக்கத்தில் "அல்லது" என்று படம் போட்டு இன்னொரு எண் இருக்கும். அந்தக் கையிலும் அதே மேலங்கி ஓரம் இருக்கும், கண்டிப்பாகப் பொருந்தும்.

பசைவிரல்:
பார்த்தேன். இருக்கிறது. 14 வாள் பிடித்த கை, அல்லது 31.

வண்ணக்கலயம்:
அப்புறம் என்ன, 31-ஐ எடுத்து ஒட்டுங்கள். அதில் என்ன ஆயுதம்?

பசைவிரல்:
கோடரி.

பழையபெட்டி:
தம்பி, அந்தக் கோடரியா?

பசைவிரல்:
அந்தக் கோடரிதான். தோளை வேறு அறுத்து எறிந்துவிட்டேன்.

வண்ணக்கலயம்:
எலும்புக்கூட்டில் எதை வைத்து ஒட்டினீர்கள்? டியூப் என்றால் இன்று இரவே ஃபிரீசரில் வையுங்கள்.

பசைவிரல்:
சிமெண்ட்.