காத்திருப்புக் காலமா, பறிப்புத் தடைக்காலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிமருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வரும் 'ப்ரீ ஹார்வெஸ்ட் இன்டர்வெல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் 'காத்திருப்புக் காலம்' என்று சொல்லியிருந்தீர்கள். எளிய சொல்தான். ஆனால் சீட்டில் காத்திருப்பு இரண்டு உண்டு. மருந்தடித்த வயலுக்குள் ஆள் மறுபடி இறங்கக் காத்திருப்பது ஒன்று. பெரும்பாலும் மணிக்கணக்கில் இருக்கும். கடைசியாக அடித்ததிலிருந்து காய் பறிக்கும்வரை விடவேண்டிய நாட்கள் இன்னொன்று; நாம் சொல் தேடுவது இதற்குத்தான். '24 மணி நேரம்தான் ஆகிவிட்டதே' என்று ஒருவர் கூடையோடு இறங்கிவிட்டால், தப்பு அவர்மேல் இல்லை, நாம் கொடுத்த சொல்மேல்.

'பறிப்பு இடைவெளி'யும் எனக்கு ஒப்பவில்லை. வெண்டை போட்டவரிடம் பறிப்பு இடைவெளி எவ்வளவு என்று கேட்டால், 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்பார். இரண்டு பறிப்புக்கு நடுவே உள்ளதுதான் அவருக்கு இடைவெளி. 'கெடு' அதைவிடச் சிக்கல். கெடுவுக்குள் முடி என்பதுதான் வழக்கு. இங்கே அது முடியும்வரை காயைத் தொடவே கூடாது.

அதனால் என் பரிந்துரை 'பறிப்புத் தடைக்காலம்'. மீன்பிடித் தடைக்காலம் என்பது எல்லாருக்கும் பழகிய சொல். எதைச் செய்யக்கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. மற்றதை 'நுழைவுத் தடைக்காலம்' என்று வைத்தால் இரண்டும் குழம்பாது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காயில் மிஞ்சும் நஞ்சுக்குச் சட்டம் வைக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். ஆய்வகம் இல்லாமல் அதை யாரும் பார்க்க முடியாது. விவசாயியால் எண்ண முடிந்தது நாள் மட்டும்தான். அந்த நாட்கணக்கும் மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும். செடிக்குள் ஊடுருவும் மருந்தென்றால் காயைக் கழுவினாலும் முழுக்கப் போகாது.

வெண்டைக்கு ஏழு நாள் தடை உள்ள மருந்தைக் காய்ப்பு நேரத்தில் அடித்தால், தடை முடிவதற்குள் காய் முற்றி நாராகிவிடும். 'தடை' என்ற சொல் கண்ணில் பட்டால், வாங்கும்போதே 'இதைவிட நாள் குறைந்த மருந்து இருக்கிறதா' என்று கேட்கத் தோன்றும். 'காத்திருப்பு' அப்படிக் கேட்க வைக்காது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கீரையை அறுக்கிறோம், கிழங்கைத் தோண்டுகிறோம். 'பறிப்பு' இரண்டுக்கும் பொருந்தவில்லை. 'அறுவடைத் தடைக்காலம்' என்று பொதுவாக வைத்துவிடலாமா? காய்கறிக்காரர் வாயில் 'அறுவடை' அவ்வளவாக வருவதில்லையே என்றுதான் தயங்குகிறேன். உங்களுக்கு என்ன படுகிறது?