பொருள்: அலைன்மென்ட் முடிந்தும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான பணிமனைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகும் சில வண்டிகள் நேரே போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும் அல்லவா, அதற்கு 'சீரமைவுப் பிழை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

* * *

ஐயா, 'கோட்டம்' இருக்க வேறு சொல் எதற்கு? ஆடு – ஆட்டம், ஓடு – ஓட்டம் போலக் கோடு – கோட்டம். கோடுதல் என்றால் நேர்நிலை மாறி வளைதல், சாய்தல். 118ஆம் குறள் 'ஒருபால் கோடாமை'யைச் சான்றோர்க்கு அணி என்கிறது. நாம் தேடுவது அதன் எதிர்மறைதானே? ஒருபாற்கோட்டம். யானைத் தந்தத்துக்குக் கோடு என்ற பெயரும் இந்த வளைவால் வந்தது என்பது என் துணிபு. கொடுவாளையும் சேர்த்துப் பாருங்கள்.

* * *

கோட்டம் என்றதும் இன்றைய மாணவருக்குக் கோயிலோ நிர்வாகப் பிரிவோதான் நினைவுக்கு வரும். பட்டறையில் 'வண்டி இழுக்குது' என்கிறார்கள். இழுப்பு என்றே வைத்தால் என்ன?

* * *

இழுப்பு மூச்சுநோய் ஆயிற்றே! 'பக்க இழுப்பு' என்றால் குழப்பம் இல்லை.

* * *

தோழர்களே, பட்டறைப் பயிற்றுநர் என்ற முறையில் சொல்கிறேன். எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, 'சீரமைவுப் பிழை'யை அடித்துவிடுங்கள். அது அறிகுறியின் பெயருக்குள்ளேயே காரணத்தைத் திணிக்கிறது. அதைப் படித்துவிட்டு வரும் மாணவர், வண்டியைத் திரும்பவும் அலைன்மென்ட் மேடையில்தான் ஏற்றுவார்.

காற்றழுத்தம் இரு பக்கமும் சமமாக இருந்தும் வண்டி இழுத்தால், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். உள்ளே இருக்கும் பெல்ட் நடுவிலிருந்து விலகி அமைந்த டயர், உருட்டிவிட்ட கூம்பைப் போல ஒரு பக்கமாக வளைந்தோடப் பார்க்கும். சுழல்திசை அம்புக்குறி உள்ள டயர் என்றால் அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றுங்கள். டயர் மாற்றியும் இழுப்பு அதே பக்கம் இருந்தால் அப்புறம்தான் கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் உள்வெளிச் சாய்வு). கேஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். கேம்பர் நேர்க்குறியில் கூடிய, அதாவது சக்கரத்தின் மேற்பகுதி கூடுதலாக வெளியே சாய்ந்த பக்கம் இழுக்கும். ஓடிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் பிரேக் கவ்விக்கொண்டு விடாமல் இருக்கிறது. சாலையின் சாய்வுகூடக் காரணமாகலாம்.

இன்னொன்று: டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, மாறினால் பெரும்பாலும் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும், வண்டி இழுக்காது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் பாடமே கெட்டுவிடும்.

* * *

பயிற்றுநர் சொன்ன டயர்க் குணத்துக்குக் 'கூம்புமை' என்று வைக்கலாமா? கூம்புதல் குவிதல் அல்லவா, தாமரை கூம்பும்...

* * *

தாமரைக்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. நாள் நெருங்குகிறது. 'பக்க இழுப்பு' பக்கம்தான் பலர் நிற்கிறீர்கள், அதையே எழுதுகிறேன். கையை எடுத்தால் மட்டும் வண்டி மெல்ல ஒதுங்குவதற்கு 'விலகல்'. ஸ்டியரிங் கோணலுக்குப் 'பிடிக்கோணல்'.

* * *

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், உடன்படவில்லை. இழுப்பு என்றால் இழுப்பது யார் என்ற கேள்வி வரும். கோட்டத்தில் அது வராது. காரணத்தைத் திணிக்கக் கூடாது என்று பயிற்றுநர் சொன்னதும் அதைத்தானே? சொல்லடைவிலாவது ஒருபாற்கோட்டத்தைச் சேருங்கள்.