சொந்தத்துல கட்டினதாலயா பாப்பாவுக்கு டவுன் சிண்ட்ரோம்?

தேனிப்பொண்ணு:
பாப்பா பிறந்து 41 நாள். எனக்கு வயசு 26. தூக்கினா துணி மாதிரி துவளுறா, உள்ளங்கையில குறுக்கே ஒரே ரேகை. ரத்தம் எடுத்து அனுப்பினாங்க, நேத்து ரிசல்ட் வந்துச்சு. நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கேன். ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அத்தை என்னடான்னா, கிரகணத்தன்னைக்கு நான் வெங்காயம் நறுக்கினதைச் சொல்லிச் சொல்லி அழுறாங்க. என்னாலதான் இப்படி ஆச்சா? அடுத்த பிள்ளைக்கும் வருமா?

மதுரை அக்கா:
தங்கச்சி, இதே கேள்வியோட நானும் ராத்திரி ராத்திரியா முழிச்சுக் கிடந்தவ. என் மகனுக்கு இப்போ 14 வயசு. வெங்காயமும் இல்ல, கிரகணமும் இல்ல, சொந்தமும் இல்ல. உடம்புல ஒரு செல்லுக்கு 46 குரோமோசோம் (மரபுத் தகவலைச் சுமக்கிற இழை), ஜோடி ஜோடியா இருக்கும், கருமுட்டையில அதுல பாதி. முட்டை உருவாகும்போது 21-ஆம் ஜோடி பிரியாம ரெண்டும் ஒண்ணாவே போயிடுது. அப்பாகிட்ட இருந்து வர்றதும் சேர்ந்தா மூணு, அதுதான் டவுன் சிண்ட்ரோம். விந்துலயும் இப்படி ஆகலாம், ஆனா அபூர்வம். கரு தரிக்கிறப்பவே முடிஞ்சு போன விஷயம்மா. அதுக்கப்புறம் நீ எதை நறுக்கியிருந்தாலும் மாறாது. அம்மாவுக்கு வயசு ஏற ஏற வாய்ப்பு கூடும், 40 வயசுல சுமார் 100-க்கு ஒண்ணு. சின்ன வயசுலயும் வரும். எனக்கு அப்போ 24.

அதெல்லாம் இருக்கட்டும், இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், எக்கோ, எடுத்தாச்சா? இந்தப் பிள்ளைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயத்துல குறை இருக்கும். என் மகன் பால் குடிக்கும்போது நெத்தி முத்து முத்தா வேர்க்கும், ரெண்டு நிமிஷத்துல களைச்சு வாயை எடுத்துடுவான். 'சோம்பேறிப் பிள்ளை'ன்னு ஒரு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க. வேற இடத்துல காட்டித்தான் ஓட்டை தெரிஞ்சது, அஞ்சாம் மாசம் ஆபரேஷன். அந்த ரெண்டு மாசம் வீணானது இன்னும் எனக்கு ஆறல. தைராய்டு, காது ரெண்டையும் பார்க்கச் சொல்லு. பிசியோதெரபியை இப்பவே ஆரம்பி.

லேப்_குமார்:
குரோமோசோம் டெஸ்ட் பண்றதுதான் என் வேலை. ரிப்போர்ட் 47-ன்னு தொடங்குதா, 46-ன்னா, பாருங்க சிஸ்டர். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு 47தான். அப்படின்னா உங்க வயசுல அடுத்த பிள்ளைக்கு வர வாய்ப்பு நூத்துல ஒண்ணு அளவுதான். 46-ன்னு இருந்தா கூடுதல் 21 வேற குரோமோசோமோட ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அப்போ மட்டும் நீங்களும் வீட்டுக்காரரும் டெஸ்ட் எடுக்கணும்.

தேனிப்பொண்ணு:
47-ன்னுதான் போட்டிருக்கு. அக்கா சொன்னதை அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, பாப்பாவை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. எக்கோ எடுக்கல அக்கா. அவளுக்கும் பால் குடிக்கிறப்ப நெத்தி வேர்க்குது, நான் புழுக்கம்னு நினைச்சேன். காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்புறோம்.